பூட்டைத் திறக்கும் முன்

மென்பொருளின் அடிப்படை அதன் மூல நிரலாகும். நிறுவனங்கள் பலவும் அதனை வெளியாருக்குக் காட்டாமல் காத்துவந்த காலத்தில், நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 ஜனவரி 22 அன்று தன் இணைய உலாவியின் மூல நிரலை உலகிற்கு வழங்கப்போவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் தன் உலாவியை இலவசமாக வழங்கியதால், நெட்ஸ்கேப்பின் சந்தை சரிந்துகொண்டிருந்தது. உலகெங்கும் உள்ள நிரலாளரின் துணையே தன்னைக் காக்கும் என அந்நிறுவனம் நம்பியது. வெளியீட்டு நாள் மார்ச் 31. இடையில் இருந்தவை ஏறத்தாழப் பத்து வாரங்களே.

பிறர் பொருளைப் பிரித்தல்

நிரல் முழுவதும் நெட்ஸ்கேப்பிற்கு உரியதன்று. பிற நிறுவனங்களிடமிருந்து பெற்ற எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட கூறுகள் அதனுள் கலந்திருந்தன. ஒவ்வோர் உரிமையாளரிடமும் இசைவு கேட்கப்பட்டது. இசைவு கிட்டாத பகுதிகள் நீக்கப்பட்டன. அல்லது வேறு வழி காணப்பட்டது. வலிமையான குறியாக்க நிரலை வெளிநாடுகளுக்கு அனுப்ப அமெரிக்க ஏற்றுமதி விதிகள் அன்று கட்டுப்பாடு விதித்திருந்தன. எனவே அப்பகுதியும், அதனை அழைக்கும் இணைப்புகளும் அகற்றப்பட்டன. நிரலாளர் தமக்குள் எழுதிவைத்திருந்த தகாத சொற்களும் குறிப்புரைகளிலிருந்து களையப்பட்டன.

உரிமம் வகுத்தல்

நிரலை வெளியிடுவதால் மட்டும் பிறர்க்கு அதனைப் பயன்படுத்தும் உரிமை கிடைத்துவிடாது. எவற்றைச் செய்யலாம், எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் செய்யலாம் என்பதை உரிமமே வரையறுக்கிறது. நெட்ஸ்கேப் தன் உரிம வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. நிறுவனத்திற்கு மட்டும் தனிச்சலுகை தரும் பகுதிகளைப் பலர் கண்டித்தனர். அதன் பயனாக, அத்தகைய சலுகையற்ற மொசில்லா பொது உரிமமும் உருவானது.

இன்றைய எச்சரிக்கை

இக்காலத்தில் நிரலின் ஒவ்வொரு மாற்றமும் பதிப்பு வரலாற்றில் சேமிக்கப்படுகிறது. கடவுச்சொல் ஒன்றை இன்றைய பதிப்பிலிருந்து நீக்கினாலும், பழைய பதிப்பில் அது எஞ்சியிருக்கும். ஆகவே வரலாற்றையும் ஆராய்ந்து தூய்மைப்படுத்துவதோடு, அக்கடவுச்சொல்லையே மாற்றிவிடுதல் வேண்டும். ஒருமுறை வெளியான நிரலை எவரும் படியெடுத்து வைத்திருக்கக்கூடும்; அதனைத் திரும்பப் பெற இயலாது.

திறந்த பின்

குறித்த நாளில் நிரல் வெளிவந்தது. ஆயினும் எதிர்பார்த்த அளவில் உதவி உடனே வந்து சேரவில்லை. பல ஆண்டுகளாக வளர்ந்து சிக்கலாகிப் போன அந்நிரலைப் புதியவர்கள் புரிந்துகொள்வது கடினமாக இருந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள், அதன் பெரும்பகுதியைப் புதிதாக எழுத முடிவு செய்யப்பட்டது. மொசில்லாவின் முதல் முழுப் பதிப்பு 2002இலும், ஃபயர்பாக்ஸ் 1.0 பதிப்பு 2004இலும் வெளிவந்தன. பின்னர்த் தன்னார்வலர் உழைப்பால் ஃபயர்பாக்ஸ் தமிழிலும் கிடைத்தது.

சட்டம் கேட்கும் தூய்மையைப் பத்து வாரங்களில் எய்த முடிந்தது. புதியவர் படித்து அறியும் தெளிவை எய்தப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. நிரலை எழுதும் நாளிலேயே, முன்பின் அறியாத ஒருவர் அதனைப் படிப்பார் என எண்ணி எழுதுவதே வெளியீட்டிற்கான முதல் ஆயத்தம்.