மாரி காலத்து இருமல்: பாணி குடிக்க முன் யோசியுங்கள்

மாரி மழை இறங்கியதும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இருமல் சத்தம் கூடிவிடும். எழுவான்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தடிமனோடு இருமுவார்கள். படுவான்கரையில் சேற்றில் இறங்கி வேளாண்மை செய்கிறவர்கள் இருமுவார்கள். வீட்டில் வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவியும். அதற்கும் அடங்காவிட்டால் பார்மசியில் ஒரு போத்தல் பாணி. பெரும்பாலான இருமல் இத்துடன் போய்விடும். எந்த இருமல் போகாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் முக்கியம்.

குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள நரம்பு முனைகளில் சளி, தூசி, புகை எது பட்டாலும் வேகஸ் நரம்பு மூளையின் அடித்தண்டுக்குச் செய்தி கொண்டுபோகும். உடனே ஆழமாக மூச்சை இழுக்கிறோம், குரல்வளை மூடுகிறது, நெஞ்சுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இறுகுகின்றன. உள்ளே அடைபட்ட காற்றின் அமுக்கம் 300 மில்லிமீற்றர் இரசம் வரைகூட ஏறலாம். குரல்வளை திறந்ததும் அந்தக் காற்று சீறிப் பாய்ந்து சளியை வெளியே தள்ளுகிறது. ஆகவே சளியோடு வரும் இருமலை மருந்து கொடுத்து அடக்கினால், வெளியேற வேண்டியது நெஞ்சுக்குள்ளேயே தேங்கும்.

மருத்துவர்கள் இருமலை முதலில் காலத்தைக் கொண்டு பிரிக்கிறார்கள். மூன்று கிழமைக்குள் அடங்குவது பெரும்பாலும் வைரஸ் தடிமனால் வருவது. தடிமன் போன பிறகும் எட்டுக் கிழமை வரை வறட்டிருமல் நிற்கலாம். அதையும் தாண்டினால் வேறு காரணம் தேட வேண்டும். வேளாண்மை வெட்டும் காலத்தில் எழும் தூசியும், விறகடுப்புப் புகையும் தொய்வுக்காரரை இரவிரவாக இரும வைக்கும். வயிற்றுப் புளிப்பு மேலேறினாலும் இருமல் வரும். பிரஷருக்கு எடுக்கும் எனலாபிரில், கப்டொபிரில் குளிசைகள் சிலருக்குத் தீராத வறட்டிருமலைத் தரும்; அவர்கள் தாமாக மருந்தை நிறுத்தாமல் கிளினிக்கில் சொன்னால் மாற்றுக் குளிசை கிடைக்கும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு என்றால் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அரச மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இப்பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம்.

வயற்பிரதேசத்தில் இன்னொரு நோயையும் நினைவில் வைக்க வேண்டும்: மெலியோய்டோசிஸ். 1912இல் ரங்கூனில் அல்பிரட் விட்மோரும் கிருஷ்ணசாமி என்ற மருத்துவரும் இதை விவரித்தார்கள். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். இதை உண்டாக்கும் பக்டீரியா ஈர மண்ணில் வாழ்வது. மழை பெய்ததும் அது மேல்மண்ணுக்கு வருகிறது. வெறுங்காலோடு வட்டைக்குள் இறங்குகிறவரின் குதிவெடிப்பிலும், தாள் கீறிய காயத்திலும் சேறு படும்போது உடம்புக்குள் நுழைகிறது. புயல் மழையில் மூச்சோடும், சுத்திகரிக்காத நீரோடும் போகலாம்.

கிழக்கிலங்கையில் கடும் மழைக்குப் பின் 10 பேரின் குருதியில் இந்தக் கிருமி கண்டறியப்பட்டது. 2021இல் வெளியான ஆய்வு அக்கிருமிகளின் மரபணுவை வாசித்து, அவை ஒரே வித்திலிருந்து வந்தவை அல்ல, பல வகையானவை என்று காட்டியது. அதாவது ஒரு வயலையோ ஒரு கிணற்றையோ மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கிருமி இந்த மண்ணில் பரவலாக இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்நோய் அதிகம் தாக்குவது நீரிழிவுக்காரரை. காய்ச்சல், இருமல், நெஞ்சுநோ என்று தொடங்கும். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியலாம். வழமையான அமொக்சிசிலினுக்கும் ஜென்டமைசினுக்கும் இக்கிருமி மசியாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள் ஏற்றி, பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதமாவது எடுக்க வேண்டும். சிகிச்சை பிந்தினால் உயிருக்கே ஆபத்து. குருதி, சளி போன்றவற்றைக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் நோய் உறுதியாகப் பிடிபடும். நோயாளி வயலில் வேலை செய்கிறவர் என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் அந்த எண்ணமே வரும்.

கைவைத்தியத்தை இதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. சாதாரண தடிமன் இருமலுக்குச் சுடுநீரும் ஒரு கரண்டித் தேனும் போதும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கவே கூடாது. சிறு பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் இருமல் பாணி வாங்காதீர்கள். 2022இல் காம்பியாவில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தோடு நஞ்சு கலந்த பாணிகள் தொடர்புபடுத்தப்பட்டதை உலகமே அறியும்.

வயலுக்குப் போகும்போது பூட்ஸ் போடுங்கள். காயத்தை மூடிக் கட்டுங்கள். கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இருமலோடு கடுங்காய்ச்சல், மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் டொக்டரிடம் இரண்டு விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள்: வயலில் வேலை செய்கிறேன், எனக்கு நீரிழிவு இருக்கிறது.