இசைக்கருவியின் சாவி யார் கையில்?

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் டிபி-303 என்றொரு சிறு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் இல்லாத குறையை நிரப்புவதே அதன் நோக்கம். எதிர்பார்த்தபடி விற்காததால் 1984இல் உற்பத்தி நின்றது. பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்த அக்கருவியைச் சிகாகோ நகரின் கறுப்பின இளைஞர்கள் கையில் எடுத்தனர். டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே ஆகிய மூவர் ஃபியூச்சர் என்ற பெயரில் 1987இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' ஒரு புதிய இசைவகைக்கே தொடக்கமானது. தயாரித்தவர்கள் நினைத்திராத விதத்தில் அவர்கள் அதன் திருகுகளைத் திருப்பினர். கருவி அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்று மின்னணு இசை செய்ய விரும்பும் ஒரு மாணவர், சேமித்த பணத்தைக் கொண்டு அனலாக்கும் டிஜிட்டலும் கலந்த கலப்புச் சிந்தசைசரை வாங்குவதா, கணினியில் இயங்கும் மென்பொருளோடு நிறுத்திக்கொள்வதா என்று தயங்குகிறார். இவ்விவாதம் பெரும்பாலும் 'எதன் ஒலி இனிமையானது?' என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் நாம் வேறொரு கேள்வியை முன்வைக்கிறோம்: வாங்கிய பின் அக்கருவி உண்மையில் யாருடையது?

முதலில் கருவி இயங்கும் விதத்தைப் பார்ப்போம். சிந்தசைசரில் அலையியற்றி மூல ஒலியை உண்டாக்குகிறது. வடிகட்டி அதன் கூர்மையைச் செதுக்குகிறது. அனலாக் கருவியில் இவ்விரண்டும் மின்னழுத்தத்தால் நடக்கின்றன. டிஜிட்டல் கருவியில் எல்லாமே எண்களின் கணக்கு. கலப்புக் கருவி இரண்டையும் இணைக்கிறது. 1986இல் வந்த என்சோனிக் ஈஎஸ்கியூ-1, டிஜிட்டல் அலைகளை அனலாக் வடிகட்டி வழியே செலுத்தியது. 2017இல் வெளியான நோவேஷன் பீக்கும் இதே முறையைப் பின்பற்றுகிறது. 2019இல் வந்த கோர்க் மினிலாக் எக்ஸ்டியில், ஒவ்வொரு குரலிலும் இரண்டு அனலாக் அலையியற்றிகளோடு ஒரு டிஜிட்டல் அலையியற்றியும் சேர்ந்திருக்கிறது.

இத்தகைய கருவியின் பலம் வெளிப்படையானது. கணினி தேவையில்லை, திருகுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, பணமுடை வந்தால் விற்றுவிடலாம். ஆனால் அதன் டிஜிட்டல் பாதி, நிறுவனம் உள்ளே பதித்த மென்பொருளை நம்பியே இயங்குகிறது. உற்பத்தி நின்றுபோன சில்லு பழுதானால் மாற்றுச் சில்லைத் தேடி அலைய வேண்டும். ஆகவே வாங்குமுன் பழுதுபார்ப்பவர் அருகில் உண்டா என்று விசாரிப்பது அவசியம். கோர்க் நிறுவனம் பயனரே அலையியற்றிகளை நிரலாக எழுதி ஏற்றிக்கொள்ளும் கருவித்தொகுப்பை வெளியிட்டிருப்பது வரவேற்கத்தக்கது.

இனி மென்பொருள். இங்கே நாம் பெரும்பாலும் பொருளை வாங்குவதில்லை. பயன்படுத்தும் உரிமத்தையே வாங்குகிறோம். அதை வேறொருவருக்கு மாற்ற முடியுமா என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்கு மட்டும் மாறுவதாக அறிவித்தது. பயனர்களின் எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. 2019இல் ஆப்பிளின் மேக் இயங்குதளம் 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டபோது, காசு கொடுத்து வாங்கிய பழைய இசை மென்பொருள்கள் புதிய பதிப்பில் இயங்காமல் போயின.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் பிரிவு 52, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் பாதுகாப்புக்காகப் படியெடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. ஆனால் இணையத்தின் வழியே உரிமத்தைச் சரிபார்த்த பிறகே திறக்கும் மென்பொருளுக்கு அந்தப் படியால் என்ன பயன்? ஏட்டில் உரிமை இருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும்.

இதற்கு மாற்று உண்டு. விற்பனைப் பொருளாக இருந்த சர்ஜ் என்னும் சிந்தசைசர் மென்பொருளை, அதை உருவாக்கிய கிளேஸ் யோஹான்சன் 2018இல் மூல நிரலோடு பொதுவில் வைத்தார். தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த அதன் இன்றைய வடிவமான சர்ஜ் எக்ஸ்டி, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்குகிறது. அதைப் பயன்படுத்தவும், படிக்கவும், மாற்றவும், பகிரவும் ஜிபிஎல் உரிமம் வழிசெய்கிறது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாகப் பிரிக்கும் மேற்கத்திய அளவுக்கு வெளியேயும் அதில் சுதி அமைத்துக்கொள்ளலாம்.

மென்பொருளுக்கும் குறைகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அது இலவசமாகக் கிடைத்தாலும், வாசிப்பதற்கு மிடி விசைப்பலகையும், நல்ல ஒலிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸும் தேவைப்படலாம். கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகக் கணக்கிடுவதால் தாமதமும் ஏற்படும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், 256 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதிக்கே 5 மில்லிநொடிக்குச் சற்று அதிகமாகும். மேடையில் பாட்டின் நடுவே கணினி உறைந்துபோகும் அபாயமும் இருக்கிறது.

ஆகவே, ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர் சர்ஜ் எக்ஸ்டியில் தொடங்கலாம் என்பதே நமது கருத்து. ஆறு மாதம் பழகினால் அலையியற்றியும் வடிகட்டியும் கைவசமாகும். அந்த அறிவு எந்தக் கருவிக்கும் பொருந்தும். பிறகும் திருகுகளைத் தொட்டு வாசிக்க மனம் ஏங்கினால், அல்லது அடிக்கடி மேடையேற வேண்டியிருந்தால், கலப்புக் கருவி ஒன்றைப் பழையதாக வாங்குவது தகும்.

எதை வாங்கினாலும் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இணையம் இல்லாமல் இயங்குமா? பழுதானால் சரிசெய்ய முடியுமா? வேறொருவருக்கு விற்க முடியுமா? நிறுவனம் மூடப்பட்டாலும் நாம் உருவாக்கிய ஒலிகள் நம்மிடம் இருக்குமா? இவற்றுக்கான விடைகளில் பல உரிம ஒப்பந்தத்தில் சிறிய எழுத்துகளில் இருக்கும். அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.