இறால் கப்பலேறும், மருந்து இங்கே தங்கும்

கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால், அறுப்பதற்கு முன் சில நாள் அதை நிறுத்திவிட வேண்டும். எத்தனை நாள் என்பதை மருந்து டப்பாவின் மேலேயே அச்சிட வேண்டும் என்று 2012இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிக் குறிப்பிடாத மருந்தென்றால் முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கோழி இறைச்சிக்கு 28 நாள். ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும் பிராய்லருக்கு 28 நாள் என்பது ஆயுளில் பாதிக்கு மேல்.

நல்ல விதிதான். ஆனால் கோழியின் உடலை விட்டு வெளியேறிய மருந்து எங்கே போனது? கொட்டகையில் பரப்பிய தேங்காய் நாரிலும் உமியிலும் கழிவோடு கலந்து கிடக்கிறது. கோழிகள் விற்றுப்போனதும் அதை லாரியில் ஏற்றி எருவாக வயலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் கொண்டுபோகிறார்கள். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நெடுநாள் இருக்கும். மண்ணில் மிஞ்சும் அந்தச் சிறு அளவு மருந்து, பலவீனமான கிருமிகளை மட்டும் அழித்து, தாங்கி நிற்கும் கிருமிகளுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அவை பெருகுவதோடு, தாங்கும் திறனைத் தரும் மரபணுவை வேறு இனக் கிருமிகளுக்கும் கைமாற்றுகின்றன.

கொலிஸ்டினின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதையே கோழி, பன்றித் தீவனத்தில் எடை கூடுவதற்காகக் கலந்தார்கள். அதை முறியடிக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015இல் தெரியவந்தது. உடனே டென்மார்க்கில் பழைய மாதிரிகளைத் தேடிப் பார்த்தார்கள். இறக்குமதியான கோழி இறைச்சியிலும் ஒரு நோயாளியின் இரத்தத்திலும் அதே மரபணு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொலிஸ்டின் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் அந்த ஒரே ஆண்டில் உலகெங்கும் நேரடியாகப் பறித்த உயிர்கள் சுமார் 12.7 லட்சம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இறாலுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் பாதியை மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. தடை செய்த மருந்து தெரிந்தால் சரக்கு திரும்பும். அந்தப் பயத்தில், கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அறுவடைக்கு முன்பே இறாலைச் சோதிக்க ஏற்பாடு செய்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர் தட்டுக்கு இவ்வளவு காவல். உள்ளூர்ச் சந்தையில் வாங்கும் இறாலுக்கு அத்தகைய சான்று எதுவும் கூட வருவதில்லை. இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சோதனை இறாலுக்குத்தான், குளத்து நீருக்கு அல்ல. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் கழிவுநீர் அளவுகோல்களில் அம்மோனியா, பாஸ்பேட், மிதக்கும் திடப்பொருள் என்றெல்லாம் உண்டு. ஆன்டிபயாடிக்குக்கு வரம்பு இல்லை. வைரஸால் வரும் வெண்புள்ளி நோய்க்கு ஆன்டிபயாடிக் துளியும் உதவாது. ஆனாலும் குளமே போய்விடுமோ என்ற பதற்றத்தில் கொட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் கால்நடை அல்லது மீன்வள மருத்துவர் இல்லாத இடத்தில் தீவனக் கடைக்காரர்தான் மருத்துவர். ஒப்பந்தக் கோழிப் பண்ணையிலோ குஞ்சு, தீவனம், மருந்து மூன்றுமே கம்பெனி தருவது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குபவருக்குத் தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாமல் போகலாம். மருந்தின் பெயரும் நிறுத்த வேண்டிய நாளும் இல்லாத பொட்டலத்தை அவர் வாங்க மறுக்கலாம்.

சாப்பிடுபவருக்கும் சட்டத்தில் பிடி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதிக்கக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். புகாருக்கு 1800 112 100 என்ற இலவச எண், தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், மருந்து மிச்சம் முழுதும் போய்விடாது. பச்சை இறைச்சி பட்ட கத்தியையும் பலகையையும் தனியே கழுவுங்கள்.

பண்ணைக் கழிவு கிணற்றிலோ வாய்க்காலிலோ கலந்தால், சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கேட்கலாம். இழப்பீட்டுக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு உங்கள் மனுவுக்குப் பலம். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: பண்ணைக்குப் பதிவோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவோ உண்டா, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம் இருக்கிறதா, வெளியேறும் நீரில் ஆன்டிபயாடிக் எப்போதாவது சோதிக்கப்பட்டதா. மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், அந்தத் தாளையே மனுவோடு இணையுங்கள்.