பின்னலுக்குப் பின்னால் – 11: ஆளோடு போய்விடும் அறிவு

ஒரு சாம்பிளை பையர் ஓகே செய்துவிட்டால், அதே டி-ஷர்ட்டை லட்சம் முறை மாறாமல் தைத்துக் கொடுக்கத் திருப்பூருக்குத் தெரியும். துணியின் ஜி.எஸ்.எம். எவ்வளவு, கழுத்து ரிப் எத்தனை சென்டிமீட்டர், லேபிள் எந்தப் பக்கம் என்று எல்லாமே டெக் பேக்கில் எழுத்தில் இருக்கும். கட்டிங் மாஸ்டர் மாறினாலும், ஆர்டரில் பாதியைப் பல்லடத்திலும் மீதியைப் பெருமாநல்லூரிலும் ஓட்டினாலும், அட்டைப் பெட்டிக்குள் போகும் சரக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஒழுங்கு அதே கம்பெனியின் சர்வர் அறைக்குள் மட்டும் வருவதில்லை. ஆர்டர், துணி இருப்பு, ஜாப் ஒர்க் கணக்கு, பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாவற்றையும் சுமக்கும் ஈ.ஆர்.பி. சர்வர், கைரேகை வருகைப் பதிவு சர்வர், பேட்டர்ன் கோப்புகள் இருக்கும் சர்வர் என இவையெல்லாம் பல இடங்களிலும் எப்போதோ யாரோ பென் டிரைவோடு வந்து உட்கார்ந்து, திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் 'நெக்ஸ்ட்' அழுத்தி நிறுவியவை. அன்று அவர் எதைத் தேர்ந்தெடுத்தார், எதை விட்டார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அவர் வேலை மாறினால் அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது. சர்வரில் இயங்குதளத்தை நிறுவும் வேலையை, எழுதி வைத்த ஒரு கோப்பின்படி, நெட்வொர்க் வழியாக, கை படாமல் நடக்கும் வேலையாகத் திருப்பூர் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வாரம் நான் சொல்ல வருவது அதைத்தான்.

இதற்கான வழி கால் நூற்றாண்டாக இருக்கிறது. பி.எக்ஸ்.இ. என்ற முறையின் 2.1 பதிப்பை இன்டெல் 1999-இல் வெளியிட்டது. சர்வரை ஆன் செய்ததும், வட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், நெட்வொர்க் கார்டு தானாகவே கேபிளில் குரல் கொடுக்கிறது: எனக்கு முகவரி என்ன, நான் எதை வைத்துத் தொடங்குவது? டி.எச்.சி.பி. சர்வர் ஓர் ஐ.பி. முகவரியையும், தொடக்க நிரல் இருக்கும் இடத்தையும் சொல்கிறது. அந்தச் சின்ன நிரல் டி.எஃப்.டி.பி. என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக இறங்கி, லினக்ஸ் கெர்னலையும் இன்ஸ்டாலரையும் இழுத்து வருகிறது. இன்ஸ்டாலர் கேட்கவேண்டிய கேள்விகளுக்கெல்லாம் விடை ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ரெட் ஹாட் குடும்பத்தில் அதன் பெயர் கிக்ஸ்டார்ட், டெபியனில் ப்ரீசீட், உபுண்டு சர்வரில் 20.04 பதிப்பிலிருந்து ஆட்டோஇன்ஸ்டால். வட்டை எப்படிப் பிரிப்பது, நேர மண்டலம் எது, எந்தத் தொகுப்புகள் வேண்டும், யார் உள்ளே நுழையலாம் என எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில், யாரும் திறந்து படிக்கும்படி இருக்கும். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனி மேக் முகவரி இருப்பதால், ஈ.ஆர்.பி. சர்வருக்கு ஒரு கோப்பு, வருகைப் பதிவு சர்வருக்கு இன்னொன்று என்று பிரித்துக் கொடுக்கலாம். டெல் சர்வரில் ஐடிராக், எச்.பி. சர்வரில் ஐலோ என்ற தொலைக்கட்டுப்பாட்டு வசதி உரிய லைசென்ஸோடு இருந்தால், காங்கேயம் யூனிட்டில் இருக்கும் பெட்டியைத் திருப்பூர் ஹெட் ஆபீஸிலிருந்தே அணைத்து, ஆன் செய்து, நிறுவலைத் திரையில் பார்க்கவும் முடியும்.

வேகமாக மறுபடி நிறுவுவது எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு பெரிய கம்பெனியின் அனுபவத்தைப் பார்க்கலாம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரலின் தாக்குதலில் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. நவி மும்பையில், ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையமும் சேர்ந்தே நின்றது. 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், 2,500 மென்பொருள்கள் ஆகியவற்றை 10 நாளில் புதிதாக நிறுவினோம் என்று அதன் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். இந்த அளவைக் கையால் பென் டிரைவ் செருகிச் செய்தால் பெரும் ஆள்பலம் வேண்டும். அதே சம்பவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. எந்தப் பயனர் யார் என்ற விவரத்தை வைத்திருந்த டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் அழிந்தபின், கானா நாட்டில் மின்வெட்டால் அந்த நேரத்தில் அணைந்து கிடந்த ஒன்றே ஒன்றுதான் தப்பியது. மீட்பு அதிலிருந்தே தொடங்கியது. இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம். தரவை அப்படிக் கொண்டுவர முடியாது. ஆகவே தானியங்கி நிறுவல் இருக்கிறது என்று பேக்கப்பைக் கைவிடுகிறவர் தரவை இழப்பார். ஆனால் பேக்கப் மட்டும் வைத்துக்கொண்டு, அதை இறக்கி வைக்க ஒரு சர்வரை எழுப்ப நாலு நாள் எடுத்துக்கொள்கிற ஏற்றுமதியாளருக்கு, கப்பலைத் தவறவிட்டுத் தன் செலவில் விமானத்தில் சரக்கு அனுப்ப நேரும். திருப்பூரில் ஓர் ஆர்டரின் லாபம் முழுவதையும் தின்னும் செலவு அது.

கடுமையான மறுப்பு ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட: எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுவ முடிந்தால், ஒரே அழுத்தில் அழிக்கவும் முடியுமே? முடியும். 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 நிறுவும் பணி ஒன்று தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போனது. வட்டை அழித்துப் பிரிப்பதுதான் அதன் முதல் வேலை. மேசைக் கணினிகள், மடிக்கணினிகள், சர்வர்கள் எனப் பலவும் அழிந்தன; அந்தக் கட்டளையை அனுப்பிய சர்வரும் தன்னையே அழித்துக்கொண்டது. கிக்ஸ்டார்ட் கோப்பிலும் 'கிளியர்பார்ட்' என்ற ஒற்றை வரி அதையேதான் செய்கிறது. இதற்காக முறையையே ஒதுக்குவதைவிட வேலியைச் சரியாகக் கட்டுவதுதான் அறிவு. பூட் மெனுவில் யாரும் எதையும் தொடாவிட்டால் சர்வர் தன் சொந்த வட்டிலிருந்தே எழ வேண்டும். பெயர் குறித்த மேக் முகவரிக்கு மட்டும், அன்றைக்கு மட்டும், நிறுவல் திறக்கப்பட வேண்டும். தரவு இருக்கும் வட்டை அந்தக் கோப்பு பெயர்சொல்லி விலக்க வேண்டும். டி.எஃப்.டி.பி.க்குக் கடவுச்சொல்லே கிடையாது என்பதால் இந்த வேலை தனி வி-லேனுக்குள், அதாவது பிரித்து வைத்த நெட்வொர்க்குக்குள், அடங்கியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை. பழைய மேசைக் கணினி ஒன்றே நிறுவல் சர்வராகப் போதும். டெபியன், அல்மாலினக்ஸ், ராக்கி மூன்றும் இலவசம்.

'எங்களிடம் மூன்றே சர்வர்தான், இதெல்லாம் எதற்கு' என்பார்கள். மூன்றுதான் என்பதால்தான் யாரும் எழுதி வைப்பதில்லை; ஒன்று விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. சர்வர்களைத் தவிர மற்ற விண்டோஸ் கணினிகளுக்கும் ஃபாக் போன்ற இலவசக் கருவிகள் உண்டு, ஆனால் லைசென்ஸ் முறையாக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், எப்படியும் பல கணினிகளை மாற்றியாக வேண்டிய நேரம் இது.

யூனிட்டுகள் சிதறிக் கிடப்பதுதான் இங்கே உண்மையான சிக்கல். டி.எச்.சி.பி. கேள்வி தானாக அந்தக் கட்டடத்து நெட்வொர்க்கைத் தாண்டாது, முழு நிறுவலையும் இணைய இணைப்பில் இழுப்பதும் மடத்தனம். ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு சிறு நிறுவல் சர்வரை வைத்து, கோப்புகளை மட்டும் ஹெட் ஆபீஸிலிருந்து ஒத்திசைக்கலாம். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பேக்கிங் செக்‌ஷனில் யாராவது வைஃபைக்காக ஒரு சின்ன ரவுட்டரை வாங்கி லேன் கேபிளில் செருகிவிட்டால், அதுவும் டி.எச்.சி.பி. பதில் சொல்லத் தொடங்கும். சர்வர் தவறான பதிலைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கிடைக்காமல் நிற்கும். பி.எக்ஸ்.இ. வேலை செய்யவில்லை என்று கைவிடும் முன் அந்த ரவுட்டரைத் தேட வேண்டும்.

சர்வீஸ் பையன்களின் பிழைப்பு போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். 'நெக்ஸ்ட்' அழுத்தும் வேலை போகும். அந்தக் கோப்பை எழுத, ஞாயிற்றுக்கிழமை காலி சர்வர் ஒன்றில் ஓட்டிச் சோதிக்க, புது பதிப்பு வரும்போது திருத்த அவர்களேதான் வேண்டும். அதற்குக் கூடுதல் சம்பளம் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. கம்பெனிகள் முதலில் கேட்டு வாங்கவேண்டியது இதுதான்: அடுத்த சர்வருக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, நிறுவல் கோப்பையும் எழுத்தில் ஒப்படைத்தால்தான் பில் பாஸ் ஆகும் என்ற நிபந்தனை.