அகதிகளிடையே மருத்துவத் திருப்பணி: பியாஃப்ரா போரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அகதி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அதன் உட்பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. கதி என்பது செல்லும் வழியையும் குறிக்கும். சென்று சேரும் புகலிடத்தையும் குறிக்கும். அவ்விரண்டும் அற்றவரே அகதி. இறைவனையே கதியெனப் பாடும் நாம், கதியற்ற ஒருவர் ஆலய வாசலில் வந்து நிற்கும்போது அச்சொல்லின் பாரத்தை உணர்கிறோமா என்பது ஐயமே. நற்செய்தியாளர் மத்தேயு நம் ஆண்டவரின் வரலாற்றைத் தொடங்கும்போதே இரவில் எகிப்துக்குத் தப்பியோடிய ஒரு குடும்பத்தைக் காட்டுகிறார். ஆகவே அகதிகளுக்குச் செய்யும் பணி திருச்சபையின் இணைப்புப் பணியன்று. இதனை இறையியல் மாணவர் எவரும் மறுப்பதில்லை. ஆனால் அப்பணியைச் செய்யப் புகும்போது எழும் சிக்கல்களைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேச்சுக் குறைவு. அவற்றை விளக்குவதற்கு 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்கிறேன். பியாஃப்ரா என்ற பெயரை இன்றைய மாணவர் பலர் கேட்டதுமில்லை.

நைஜீரியா 1960இல் விடுதலை பெற்ற நாடு. 1966ஆம் ஆண்டில் இரு இராணுவப் புரட்சிகள் நடந்தன. அவ்வாண்டில் வட பகுதியில் வாழ்ந்த இக்போ இன மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பூர்வீகமான கிழக்குப் பகுதிக்கு ஓடி வந்தனர். 1967 மே 30ஆம் நாள் ஒஜுக்வு என்னும் படைத்தலைவர் கிழக்குப் பகுதியைப் பியாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாக அறிவித்தார். ஜூலையில் போர் மூண்டது. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் நடுவண் அரசின் படையிடம் வீழ்ந்தபின், பியாஃப்ரா நாற்புறமும் அடைபட்ட நிலப்பரப்பாயிற்று. போர்முனை நகர நகர மக்களும் ஊர் ஊராக நகர்ந்தனர். பள்ளிக்கூடங்களும் ஆலய வளாகங்களும் முகாம்களாயின.

இங்கு ஒன்றைச் சொல்லிச் செல்லவேண்டும். 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி, தன் நாட்டு எல்லையைக் கடந்தவரே சட்டத்தின் கண்ணில் அகதி. அதன்படி இம்மக்களில் பெரும்பாலோர் அகதிகள் அல்லர். திருச்சபை அந்த வரையறைக்காகக் காத்திருக்கவில்லை, காத்திருந்திருக்கவும் கூடாது.

அவர்களைக் கொன்றது குண்டு மட்டுமன்று. கிழக்குப் பகுதி மக்களின் அன்றாட உணவு மரவள்ளியும் கருணை வகைக் கிழங்குகளும். இவற்றில் மாவுச்சத்து உண்டு. புரதம் மிகக் குறைவு. புரதம் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது: வடக்கிலிருந்து மாடுகள், கடற்கரையிலிருந்து மீன், ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வேயிலிருந்து கப்பலில் உலர்ந்த கருவாடு. முற்றுகை இம்மூன்று வழிகளையும் ஒருங்கே அடைத்தது. வயிறு நிறைய மரவள்ளி உண்ட குழந்தைகளும் இதனால் வீழ்ந்தனர். கால்களும் முகமும் வீங்கும், தலைமயிர் செம்பட்டையாகி உதிரும், தோல் உரியும், குழந்தை அழக்கூட மனமின்றி உட்கார்ந்திருக்கும். குவாஷியோர்கர் என்பது அந்நோயின் பெயர். கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1930களில் கா மொழியிலிருந்து எடுத்து மருத்துவ உலகுக்குத் தந்த சொல் அது. அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து.

உமுவாகியா நகரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகள் இணைந்து நடத்திய குயின் எலிசபெத் மருத்துவமனை இருந்தது. அந்நகர் 1969 ஏப்ரலில் வீழும்வரை அம்மருத்துவமனை இக்குழந்தைகளால் நிரம்பியிருந்தது. ஆனால் கட்டில்களின் எண்ணிக்கை நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எம்மட்டு? மருத்துவமனைக்கு வெளியே, பங்குகளிலும் பள்ளிகளிலும், நூற்றுக்கணக்கான உணவு நிலையங்களும் நோயாளர் கூடங்களும் எழுந்தன. அவற்றை நடத்தியவர் யார்? உள்ளூர்ச் செவிலியர், வேலையிழந்த ஆசிரியர், உபதேசிமார், திருச்சபைப் பெண்கள். வெளிநாட்டுச் செய்தியாளர் எடுத்த படங்களில் வெள்ளையரின் முகமே முன்னிற்கிறது. பால் காய்ச்சியவரும் பிணம் புதைத்தவரும் அவ்வூர்ச் சபையார் என்பதை வரலாறு எழுதும் நாமாவது மறவாதிருப்போமாக.

மெலிந்த குழந்தைக்கு உணவு கொடுத்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். கொடிய பட்டினியில் கிடந்த உடலுக்குத் திடீரென மிகுந்த உணவைத் தந்தால் அவ்வுணவே அதனைக் கொல்லும். முதலில் உடற்சூட்டைக் காக்கவேண்டும். தொற்றுநோய்க்கு மருந்து தரவேண்டும். நீர்த்த பாலைச் சிறுகச் சிறுக, இரவிலும் விடாது, ஊட்டவேண்டும். பசியார் விருந்தைப் பற்றி அருளுரை ஆற்றும் போதகர் இச்செய்தியை அறிந்திருப்பது நலம். இரக்கத்துக்கும் பயிற்சி வேண்டும்.

இதனினும் கடியதொரு சிக்கல் உண்டு. பால்மாவு நூறு குழந்தைகளுக்கே உள்ளது. வரிசையில் நிற்பதோ ஆயிரம். யாருக்குக் கொடுப்பது? எடை பார்க்கத் தராசு இல்லை. ஓடிவந்த தாய்க்குக் குழந்தையின் பிறந்த நாள் நினைவில்லை. ஆகவே வயதைக் கொண்டும் அளவிட இயலாது. நைஜீரியாவில் பணியாற்றிய குவேக்கர் சேவைக் குழுவினர் இதற்கு ஓர் எளிய கருவியைப் பயன்படுத்தினர். ஒரு நீண்ட கோல். அதில் உயர அளவுகளுக்கு நேராகப் புயத்தின் சுற்றளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். குழந்தையின் மேற்புயத்தை நாடாவால் அளந்து, கோலருகே நிறுத்திப் பார்ப்பர். அந்தப் புய அளவுக்குரிய குறியைக் காட்டிலும் குழந்தை உயரமாக இருந்தால் அது உருக்குலைந்த குழந்தை, அதற்கு முதலிடம். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு நாளில் கற்கக்கூடிய முறை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனைக் குவாக் கோல் என்றனர். இன்று நம் அங்கன்வாடிகளிலும் உலகின் அகதி முகாம்களிலும் காணும் மூவண்ணப் புய நாடா அதே கருத்தின் வளர்ச்சியே. ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் புயம் 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு. அக்கோலைப் பிடித்து நின்றவர்களின் உள்ளத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு விரற்கடை கூடுதலாக இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தையின் தாயிடம் என்ன சொல்வது? இதற்கு நம் அறநெறி நூல்களில் விடை தேடிப் பார்த்தேன். தெளிவாக ஒன்றும் அகப்படவில்லை. நீதியாகப் பங்கிடுவதும் அன்பின் ஒரு வடிவமே என்று மட்டும் சொல்லத் துணிகிறேன்.

அதே பகுதியில், போருக்குச் சற்று முன், 1966 டிசம்பரில் மற்றொரு நிகழ்ச்சி. ஒகோஜா பகுதியில் பெரியம்மை தோன்றியது. லுத்தரன் மருத்துவ மிஷனெரியான வில்லியம் ஃபேகி அங்கிருந்தார். அனைவருக்கும் குத்தத் தடுப்பு மருந்து போதாது. சுற்று வட்டார மிஷனெரிமார் மாலைதோறும் வானொலிக் கருவி மூலம் ஒருவரோடொருவர் பேசும் வழக்கத்தைப் பயன்படுத்தி, எந்த ஊரில் அம்மை உள்ளதென ஃபேகி கேட்டறிந்தார். நோய் கண்ட இடத்தைச் சூழ்ந்து மட்டும் தடுப்பூசி குத்தச் செய்தார். நோய் அடங்கிற்று. பின்னர் 1970களில் நம் நாட்டில் பெரியம்மையை ஒழித்ததும் அம்முறையே. மிஷனெரிகளின் மாலை உரையாடல் இதற்குப் பயன்படும் என்று எவர் கண்டார்!

இனிச் சர்ச்சைக்குரிய பகுதிக்கு வருவோம். 1968இல் புரொட்டஸ்தாந்து சபைகளும் கத்தோலிக்கக் கரிதாஸ் அமைப்பும் கைகோத்து, போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த சாவோ தோமே தீவிலிருந்து வானூர்திகளில் உணவும் மருந்தும் அனுப்பத் தொடங்கின. யூத அமைப்புகளும் துணைநின்றன. இறங்குமிடம் ஊலி என்னும் இடத்தில் அகலப்படுத்தப்பட்ட ஒரு நெடுஞ்சாலை. இரவில் மட்டுமே பறந்தனர். தரைவிளக்குகள் சில கணங்களே எரியும். மேலே நடுவண் அரசின் விமானம் குண்டுகளோடு வட்டமிடும். விமானங்கள் சில வீழ்ந்தன. விமானிகள் சிலர் மாண்டனர். 1969 ஜூன் 5ஆம் நாள் செஞ்சிலுவைச் சங்கத்தின் விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டபின் அச்சங்கம் ஊலிக்குப் பறப்பதை நிறுத்திற்று. திருச்சபைகள் தொடர்ந்து பறந்தன. மொத்தம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புகள். ஏறக்குறைய 60,000 டன் பொருள். அமைப்பின் பெயரெழுத்துகளை வைத்து விமானிகள் அதனை இயேசு கிறிஸ்து விமானக் குழுமம் என்று வேடிக்கையாக அழைத்தனர்.

இவ்வளவும் கேட்ட மாணவர் முகம் மலர்வதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அதே ஊலியில், அதே இரவுகளில், ஆயுத விமானங்களும் இறங்கின. உணவு விமானங்களுக்கிடையே அவை மறைந்து வந்தன. திருச்சபைகள் உள்ளூர்ச் செலவுக்கு மாற்றிய அந்நியச் செலாவணியும் பியாஃப்ரா அரசுக்குப் பயன்பட்டது. பகற்பறப்புக்கும் தரைவழிக்கும் இரு தரப்பும் உடன்படவில்லை. நடுவண் அரசு பட்டினியைப் போர்க்கருவியாக்கியது. பியாஃப்ரா தலைமையோ அப்பட்டினியின் படங்களைக் கொண்டே உலகின் ஆதரவைத் தேடியது. திருச்சபை விமானம் ஓட்டிய சுவீடிய நாட்டுக் கவுண்ட் ஃபான் ரோசன் என்பவர், 1969 மே மாதம் சிறு விமானங்களைத் திரட்டி நைஜீரிய விமானத் தளங்களைத் தாக்கவே புறப்பட்டுவிட்டார். இரக்கம் ஆயுதமேந்துவதற்கு எவ்வளவு குறுகிய தொலைவு என்பதற்கு அவர் சான்று. நடுவண் அரசின் தலைவர் கோவோன், மிஷன் ஊழியர் ஒருவரின் மகன், தாமும் கிறிஸ்தவர் என்பதையும் மறக்கலாகாது.

இதனால் போர் நீடித்தது, இறப்பும் பெருகியது என்பது ஒரு சாராரின் குற்றச்சாட்டு. இறந்தோர் தொகையைப் பத்து இலட்சம் என்பாரும் முப்பது இலட்சம் என்பாரும் உளர். உணவு அனுப்பாதிருந்திருந்தால் போர் விரைவில் முடிந்திருக்குமா என்பதை எவரும் மெய்ப்பிக்க இயலாது. என் கருத்து இது: பறந்தது சரி, தாங்கள் எப்பக்கமும் சாரவில்லை என்று நம்பிக்கொண்டது தவறு. 1970 ஜனவரியில் போர் முடிந்ததும் அதன் விலையைச் செலுத்த நேர்ந்தது. பியாஃப்ராவுக்கு உதவிய அமைப்புகளின் உதவியைக் கோவோன் அரசு ஏற்க மறுத்தது. கத்தோலிக்க மிஷனெரிமார் பலர் நாடுகடத்தப்பட்டனர். உணவு மிகவும் தேவைப்பட்ட அந்த வாரங்களில், அனுபவம் மிக்க கைகள் அங்கே இல்லை.

நல்ல சமாரியன் உவமையில் நாம் எண்ணெயையும் திராட்சரசத்தையும் பற்றியே பேசுகிறோம். அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததையும், மேற்செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னதையும் விரைந்து கடந்துவிடுகிறோம். சத்திரக்காரன் உள்ளூர்வாசி, காயம் ஆறும்வரை பார்த்துக்கொண்டவன் அவனே. 1968இல் உலகத் திருச்சபைகள் மாமன்றம் நிறுவிய கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் வலியுறுத்தியதும் ஏறத்தாழ இதுவே. அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் மெக்கில்வ்ரே முன்னர் நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவமனையில் நிர்வாகியாக இருந்தவர். நோய் தீர்ப்பது மருத்துவமனையின் தனிச்சொத்தன்று, அது நலம் பேணும் சமுதாயமாகிய சபையின் பணி என்பது அவ்வாணையத்தின் நிலை. 1978இல் அல்மா ஆட்டா மாநாட்டில் உலக நாடுகள் ஏற்ற ஆரம்ப சுகாதாரக் கோட்பாட்டின் பின்னணியில் அதன் செல்வாக்கு உண்டு.

இதனை எழுதும் நான் குற்றமற்றவனல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சேகரத்தார் இலங்கைத் தமிழர் முகாமொன்றில் ஒருநாள் மருத்துவ முகாம் நடத்தினோம். அருளுரை முடிந்தபின்னரே மருத்துவரைக் காணச் சீட்டு வழங்குவதென்று ஏற்பாடு. அருளுரை ஆற்றியவன் நானே. வெயிலில் கைக்குழந்தைகளோடு அமர்ந்திருந்தவர்களில் பலர் சைவர். எழுந்து போக வழியற்றவர்கள். கேட்போர் எழுந்து போக இயலாத இடத்தில் சொல்லப்படுவது நற்செய்தியாகுமா என்னும் கேள்வி எனக்கு அன்று எழவில்லை. படங்களைச் சபைச் செய்தித்தாளுக்கு அனுப்பியபின், ஓர் இரவில் எழுந்தது.

ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து வேறொரு காரியமாக அங்குச் சென்றேன். ஒரு மூதாட்டி என்னை அடையாளம் கண்டு அருகே வந்தார். இரத்த அழுத்த நோயாளி. "ஐயா, நீங்கள் தந்த குளிசை முடிஞ்சு மூண்டு மாசம். திரும்பி வருவியள் எண்டு இருந்தனான்" என்றார். அருளுரையைப் பற்றி அவர் ஒன்றும் குறிப்பிடவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் என்பதை அவருக்கு நாங்கள் அன்று சொல்லியிருக்கலாம். எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. இப்பொழுது சேகரத்தின் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைதோறும் அங்குப் போய் அழுத்தம் பார்த்து, எழுதி வைத்து, வேண்டியவர்களைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறார். முகாமிலேயே வளர்ந்த இரு இளம்பெண்கள் அவரிடம் அப்பணியைக் கற்று வருகின்றனர்.