பூனையின் மீது மட்டும் பழியா?



வீட்டில் ஒரு பெண் கருவுற்றதும், "முதலில் பூனையை விரட்டுங்கள்; குழந்தைக்கு ஆகாது" என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. பிள்ளைகளோடு வளர்ந்த பிராணி அன்றே வீதியில் விடப்படுகிறது. இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும், ஆராய்ச்சிகள் கூறுவதை முழுமையாக அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

டொக்ஸோபிளாஸ்மா என்பது கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒட்டுண்ணி. 1908ஆம் ஆண்டு தூனிஸ் நகரில் ஷார்ல் நிக்கோல், லூயி மான்சோ ஆகிய ஆய்வாளர்கள் கொறித்துண்ணும் பிராணி ஒன்றின் உடலில் இதனைக் கண்டறிந்தனர். இன்று உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இத்தொற்று இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஆரோக்கியமானோரில் பெரும்பாலோர் அதனை உணர்வதேயில்லை. ஆனால், கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் அது சிசுவையும் சென்றடையலாம். கண்ணும் மூளையும் பாதிப்புறலாம், கருச்சிதைவும் நேரலாம்.

இவ்வொட்டுண்ணியின் நுண்வித்துகள் பூனையின் குடலிலேயே உருவாகின்றன என்பது 1970ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று. எனினும், தொற்றுக்குள்ளான பூனை பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரையே அவற்றை மலத்துடன் வெளியேற்றுகிறது. அவ்வித்துகள் தொற்றும் ஆற்றலைப் பெற மேலும் 1 முதல் 5 நாட்கள் வரை செல்லும். ஆகவே, கழிவை நாள்தோறும் அகற்றினால் ஆபத்து பெரிதும் குறைகிறது.

அவ்வாறாயின் தொற்று எவ்வழியாக வருகிறது? ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணித் தாய்மாரிடையே நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. அங்கு தொற்றுகளில் நூற்றுக்கு 30 முதல் 63 வரையானவை சரியாக வேகாத இறைச்சியாலும், 6 முதல் 17 வரையானவை மண்ணுடனான தொடர்பாலும் ஏற்பட்டிருந்தன. பூனையுடன் பழகுவது ஒரு காரணமாகத் தென்படவில்லை.

எனவே பெற்றோரே, இறைச்சியை உட்பகுதி வரை நன்கு வேகவையுங்கள். மரக்கறிகளையும் கீரைகளையும் கழுவி உண்ணுங்கள். பச்சை இறைச்சியையோ மண்ணையோ தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடாதீர்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையின் கழிவை அகற்றும் பணியைக் கணவரோ வளர்ந்த பிள்ளைகளோ ஏற்கட்டும். ஐயமிருப்பின் வைத்தியரை நாடுங்கள்.

வாயில்லாப் பிராணியை வீதியில் விடுவதால் மட்டும் சிசு பாதுகாக்கப்படுவதில்லை. சமையலறையிலும் கைகளிலும் நாம் பேணும் தூய்மையே அதனைப் பாதுகாக்கும்.