நாளைக்கும் பால் வேண்டும்

பால்மரம் சீவிப் பழகிய கைகளுக்கு இது நன்றாகத் தெரியும். கத்தியைச் சற்று ஆழமாக இறக்கினால் இன்று பால் கூடுதலாக வடியும். ஆனால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை சீராக வளராது. நாளடைவில் அந்த மரமே வீணாகும். மரத்துக்குள்ள இந்த நியாயம் கம்பெனிக்கும் உண்டு.

பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் அருகேயுள்ள ஜெண்டராத்தா தோட்டத்தைப் பாருங்கள். டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகெ வெஸ்டன்ஹோல்ஸ் 1906ஆம் ஆண்டில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய நிறுவனம் அது. யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. இப்போது செம்பனைதான் முக்கியப் பயிர்.

செம்பனை எண்ணெயின் தரம் ஆலையில் பிறப்பதில்லை. குலை வெட்டும் இடத்தில் பிறக்கிறது. காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். பழம் அடிபட்டாலும், வெட்டிய குலை நெடுநேரம் கிடந்தாலும் எண்ணெயில் அமிலம் ஏறும். சீக்கிரம் நீராவியில் வேகவைத்தால்தான் அது நிற்கும். இதற்காகவே அந்நிறுவனம் தோட்டத்துக்குள் சிறிய இரயில் பாதைகள் போட்டுக் குலைகளை ஏற்றிச் செல்கிறது. தண்டவாளத்துக்குச் செலவு அதிகம். ஆனால் பழம் அதிகம் அடிபடுவதில்லை.

மறுநடவும் அப்படியே. சுமார் 25 ஆண்டுகளில் செம்பனை கிழமாகிறது. புதுக்கன்று பலன் தர ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவுதான், வரவு இல்லை. விலை ஏறியிருக்கும் சமயத்தில் மரத்தைச் சாய்க்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. ஆனால் தள்ளிப்போட்டால் மரம் வானுயரம், காய்ப்போ சொற்பம். அண்ணாந்து வெட்டுகிறவரின் கழுத்துதான் நோகும்.

1974இல் இந்நிறுவனத்தின் யூனிட்டாட்டா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உருவானது. 2008இல், நிலைத்தன்மையுள்ள செம்பனை எண்ணெய்க்கான ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழை உலகிலேயே முதலாவதாகப் பெற்றதும் இந்நிறுவனம்தான். ஒரே நாளில் கிடைத்த பெயரல்ல அது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பழுத்த குலையைப் பார்த்து வெட்டுவதும், குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவதும் பாட்டாளியின் கைகள். எடைக்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டுத் தரத்தை எதிர்பார்த்தால், அவசர வெட்டும் காய்க்குலையுமே மிஞ்சும். தரத்தால் வரும் லாபத்தில் ஒரு பங்கு லயத்து வீட்டுக்கும் வந்தால்தான் அந்தத் தரம் நீடிக்கும். மரத்தைக் காப்பவன் மனிதனையும் காக்க வேண்டும் அல்லவா?